பூச்சிமருந்து கேஸ்: அட்ரோபினை எதைப் பார்த்து ஏற்றுவது?

கண்மணி ஊசிமுனையளவு, வாயில் நுரை, தொப்பலாக வியர்வை, சதைத் துடிப்பு, கூடவே மண்ணெண்ணெய் அல்லது பூண்டு வாடை. இவ்வளவும் சேர்ந்தால் ஆர்கனோபாஸ்பேட் (நரம்பைத் தாக்கும் பூச்சிமருந்து வகை) என்றே வைத்து, மாற்றுமருந்தான அட்ரோபினைத் தொடங்குங்கள். கோலினெஸ்டரேஸ் (இந்த விஷம் முடக்கும் நொதி) ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வரட்டும் என்று நிற்காதீர்கள். டப்பாவைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மாட்டு உண்ணிக்குப் போடும் அமிட்ராஸும் கண்மணியைச் சுருக்கி பல்ஸை இறக்கும். ஆனால் நெஞ்சில் சளி கட்டாது, சர்க்கரை ஏறியிருக்கும்.

கையுறை, இடப்பக்கச் சாய்வு, சக்‌ஷன், ஆக்சிஜன். துணியைக் கழற்றி சோப்பு போட்டுக் கழுவுங்கள். டியூப் போட்டு வயிறு கழுவுவதுதான் முதல் வேலை என்ற பழக்கத்தை விடுங்கள். குடித்து ஒரு மணி நேரத்துக்குள், மூச்சுவழி பத்திரமாக இருந்தால் மட்டுமே அது. அதுவும் அட்ரோபினுக்குப் பிறகு.

பெரியவருக்கு 0.6 மி.கி. ஆம்பூல் மூன்று, அதாவது 1.8 மி.கி. அட்ரோபின், ஐ.வி. (சிரை வழியாக). ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். முன்னேற்றம் இல்லையென்றால் 6, பிறகு 12, பிறகு 24 ஆம்பூல் என இரட்டிப்பு. ஒரே அளவைத் திரும்பத் திரும்பப் போட்டால் மணிக்கணக்காகும், அதற்குள் நுரையீரல் நீரில் மூழ்கிவிடும்.

நிறுத்துமிடத்தில்தான் பலரும் தடுக்குகிறார்கள். கண்மணி விரிய நேரமாகும், அதை நம்பி ஏற்றாதீர்கள். பல்ஸ் 120 என்று பயந்தும் நிறுத்தாதீர்கள். மூச்சுத் திணறலிலும் பல்ஸ் ஏறும். ஸ்டெதஸ்கோப்பை இருபக்கமும் வையுங்கள்: கிரெப்ஸும் (நீர் கோத்த நெறுநெறு சத்தம்) வீசிங்கும் (விசில் போன்ற இழுப்பு) போயிருக்க வேண்டும். பல்ஸ் 80, மேல் பி.பி. 80 தாண்டியிருக்க வேண்டும். அக்குளில் விரல் வைத்தால் ஈரம் ஒட்டக்கூடாது. வலது நுரையீரலின் அடியில் மட்டும் கிரெப்ஸ் மிஞ்சினால் அது வாந்தி நுரையீரலுக்குள் இறங்கியதாக இருக்கலாம்; எவ்வளவு அட்ரோபின் போட்டாலும் போகாது.

அதன்பின் இன்ஃப்யூஷன் (தொடர்ந்து சொட்டாக ஏற்றுவது): ஏற்றிய மொத்தத்தில் மணிக்கு 10 முதல் 20 சதவீதம். 45 ஆம்பூல் போயிருந்தால் 27 மி.கி.; மணிக்கு 2.7இல் தொடங்கலாம். காய்ச்சல், பிதற்றல், குடல் சத்தமின்மை மூன்றும் சேர்ந்தால் அளவு மிஞ்சிவிட்டது. நிறுத்தி, தெளிந்ததும் குறைத்துத் தொடங்குங்கள்.

முடங்கிய நொதியை மீட்கக் கொடுக்கும் பிராலிடாக்சைம் பற்றிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண். கொடுப்பதானால் 30 மி.கி./கிலோ, அரை மணி நேரத்தில். வேகமாக விட்டால் வாந்தியும் பி.பி. ஏற்றமும் வரும். வலிப்புக்கு டயாசெபாம் 10 மி.கி. மூச்சுக்குழாயில் டியூப் போட, தசை தளர்த்தும் மருந்தான சக்ஸாமெத்தோனியம் வேண்டாம், தசைத் தளர்ச்சி நீண்டுகொண்டே போகும்.

பின்சேர்க்கை: தெளிந்தவரை மறுநாளே வார்டுக்கு அனுப்பாதீர்கள். 24 முதல் 96 மணி நேரத்தில் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளரலாம். ஒவ்வொரு ரவுண்டிலும் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லுங்கள். முடியவில்லையென்றால் சாச்சுரேஷன் இறங்கும்வரை பொறுக்காமல் வென்டிலேட்டர் உள்ள இடத்துக்கு மாற்றுங்கள்.