ஃபைன் டைனிங் போகிறீர்களா? வாயைத் திறந்து கேளுங்கள்

ஃபைன் டைனிங் எனப்படும் உயர்தர உணவகங்களில் தலைக்கு ஐயாயிரம், ஆறாயிரம் என்று கொடுத்துச் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்ததும் பக்கத்தில் பரோட்டா கடை எங்கே என்று தேடுகிறவர்கள் நிறையப் பேர். வயிறு நிறையவில்லை என்று அவர்கள் சொல்வதில் நியாயமும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் பாதிப் பேருக்கு என்ன நடக்கிறதென்றால், கல்யாண நாள், பிறந்தநாள் என்று ஆசையாகப் புக் செய்துவிட்டு, அங்கே போனதும் கூச்சத்தில் வாயடைத்துப்போய், கொண்டுவந்து வைத்ததற்கெல்லாம் தலையாட்டி, பிடிக்காததையும் பிடித்த மாதிரி விழுங்கி, பில்லைக் கட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். இந்த மாதிரி இடங்களில் கேட்கிறவருக்குத்தான் நல்ல சாப்பாடு. எதை, எப்போது கேட்பது என்பதுதான் விஷயம்.

முதலில் எந்த மாதிரி இடம் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஃபைன் டைனிங் என்றாலே பத்துப் பன்னிரண்டு தட்டு வரிசையாக வரும் என்று நினைக்க வேண்டாம். அப்படி வருவது டேஸ்டிங் மெனு: என்ன வரும், எந்த வரிசையில் வரும் என்பதைச் சமையலறையே முடிவு செய்யும். சென்னை கிண்டியில் ஐடிசி கிராண்ட் சோழா ஓட்டலுக்குள் 2017-இல் தொடங்கிய அவர்தனா உணவகம் இந்த வகை. தென்னிந்தியச் சமையலை வைத்து மாயா, பேலா, ஜியா, அனிகா என்று 7 முதல் 13 கோர்ஸ் வரை, அதாவது அத்தனை தட்டு அடுத்தடுத்து வரும்படி, தனித்தனி மெனு வைத்திருக்கிறார்கள், கடல் உணவுக்குத் தாரா என்று இன்னொன்று. சிங்கப்பூரில் பினாங்குத் தமிழர் மனோ தேவர் நடத்தும் தேவர் உணவகமும் டேஸ்டிங் மெனுதான், உணவகங்களைத் தரம் பார்த்துக் கொடுக்கும் மிச்செலின் நட்சத்திரத்தில் அதற்கு 2022-இல் இரண்டாவது கிடைத்தது. நியூயார்க்கில் இருக்கும் செம்ம உணவகம் அப்படி இல்லை. அங்கே மெனு அட்டையைப் பார்த்து நீங்களே சொல்லி, நாலு பேர் பங்கு போட்டுச் சாப்பிடலாம், நத்தைப் பிரட்டல் உட்பட. முதல் தடவை போகிறவர், அதுவும் பெரியவர்களோடு போகிறவர், சொல்லி வாங்கும் இடத்திலிருந்து தொடங்குவது நல்லது. டேஸ்டிங் மெனுதான் வேண்டும் என்றால் இருப்பதிலேயே சின்னதை எடுங்கள். 13 கோர்ஸ் என்பது இரண்டரை மூன்று மணி நேர உட்காரல், சின்னப் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள், அவர்களோடு சேர்ந்து நீங்களும்.

புக் செய்யும்போது பேச வேண்டியதுதான் ரொம்ப முக்கியம், பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவதும் இங்கேதான். டேஸ்டிங் மெனுவுக்கு வேண்டியதை முன்கூட்டியே அளவோடு தயார் செய்து வைத்திருப்பார்கள். ஒரு சாஸ் காலையிலேயே கொதிக்க ஆரம்பித்திருக்கும். நீங்கள் டேபிளில் உட்கார்ந்த பிறகு "இன்னைக்குப் புரட்டாசி சனிக்கிழமை, அம்மா அசைவம் சாப்பிட மாட்டாங்க" என்று சொன்னால், அவர்கள் மறுக்க மாட்டார்கள், ஆனால் அம்மாவுக்கு வருவது அவசரத்தில் கறியை எடுத்துவிட்டுக் காளானை வைத்த ஏதோ ஒன்றாக இருக்கும். இதையே இரண்டு நாள் முன்னால் சொல்லியிருந்தால் தனியாக யோசித்துச் செய்திருப்பார்கள். விரதம், வெங்காயம் பூண்டு வேண்டாம், இறால் ஒத்துக்கொள்ளாது, வேர்க்கடலை அலர்ஜி, காரம் குறைவாக வேண்டும், எதுவானாலும் முன்கூட்டியே. வெளிநாட்டில் என்றால் "வெஜிடேரியன்" என்ற ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். முட்டை அவர்கள் கணக்கில் சைவம். சில பாலாடைக்கட்டிகளில் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுத்த ரென்னட் இருக்கும், ஜெல்லியில் விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கும், தாய்லாந்துப் பக்கம் மீன் சாஸ் எதில் கலந்திருக்கும் என்றே தெரியாது. முட்டை கூடாது, மீன் கூடாது, ஜெலட்டின் கூடாது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதி அனுப்புங்கள்.

புக் செய்யும்போதே கேன்சல் செய்தால் பணம் பிடிப்பார்களா, பிள்ளைகளை அனுமதிப்பார்களா, என்ன உடை போட்டு வர வேண்டும் என்பதையும் கேட்டுவிடலாம். ஸ்மார்ட் கேஷுவல் என்று சொன்னால் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் வேண்டாம் என்று அர்த்தம், கோட் சூட் தேவையில்லை. வேட்டி கட்டலாமா என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: வேட்டி கட்டி வந்தவரைக் கிளப்புகள் உள்ளே விடாமல் தடுக்கக் கூடாது என்று தமிழ்நாடு சட்டமன்றம் 2014-இல் சட்டமே போட்டது. செம்மவின் சமையல்காரர், நத்தத்திலிருந்து போன விஜய் குமார், 2025-இல் அமெரிக்காவின் பெரிய சமையல் விருதான ஜேம்ஸ் பியர்டு விருது வாங்க வேட்டியோடுதான் மேடை ஏறினார்.

சாப்பிடப் போகிற அன்று பட்டினி கிடக்காதீர்கள், பசி வேகத்தில் அவசரமாக விழுங்கி நாலாவது தட்டிலேயே வயிறு அடைத்துக்கொள்ளும். மதியம் அளவாகச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலப் பஜ்ஜியை மட்டும் விட்டுவிடுங்கள். அழுத்தமான சென்ட் போடாமல் போனால் உங்களுக்கும் நல்லது, பக்கத்து டேபிளுக்கும் நல்லது.

உட்கார்ந்ததும் தண்ணீர் பற்றித்தான் முதலில் கேட்பார்கள், ஸ்டில்லா (சாதா பாட்டில் தண்ணீர்) ஸ்பார்க்ளிங்கா (சோடா மாதிரி நுரைக்கும் தண்ணீர்) என்று. இரண்டுமே காசு, சில இடங்களில் நல்ல காசு. "ரெகுலர் வாட்டர் போதும்" என்று தாராளமாகச் சொல்லலாம், யாரும் உங்களைக் குறைவாக நினைக்கப் போவதில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு ஒயின் என்று பேரிங் சொல்வார்கள், அதை எடுத்தால் சாப்பாட்டுக்குச் சமமாக அதற்கே ஆகிவிடலாம், விலை கேட்காமல் தலையாட்டாதீர்கள். மது இல்லாத பேரிங் நிறைய இடங்களில் உண்டு. எனக்கென்னவோ அதில் பாதி இனிப்பாக இருந்து சாப்பாட்டின் ருசியைக் கெடுத்துவிடுகிறது, தண்ணீரே மேல்.

கத்தி, முள்கரண்டி விஷயத்தை மக்கள் தேவைக்கு மேல் பெரிதாக்குகிறார்கள். வெளிப்பக்கம் இருப்பதை முதலில் எடுத்து உள்ளே வாருங்கள், சாப்பிட்டு முடித்ததும் இரண்டையும் தட்டில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிடுங்கள், அவ்வளவுதான். டேஸ்டிங் மெனுவில் ஒவ்வொரு தட்டுக்கும் வேண்டியதை அவர்களே மாற்றி வைப்பார்கள். சில ஐட்டங்களைக் கையால்தான் எடுத்துச் சாப்பிட வேண்டும். சந்தேகமாக இருந்தால் "கையில் எடுக்கலாமா, ஒரே வாயில் போட வேண்டுமா" என்று கேளுங்கள். இந்தக் கேள்வி வெறும் நாகரிகத்துக்கு இல்லை, உள்ளே குழம்பு மாதிரி ஏதாவது வைத்திருந்தால் பாதி கடித்ததும் சட்டையில்தான் வழியும்.

சரி, சாப்பாடு. நம் தலைவாழை இலையில் எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் இருக்கும், எதை எதோடு சேர்ப்பது என்பது சாப்பிடுகிறவர் கையில். இங்கே அந்த முடிவை வேறொருவர் எடுத்து, ஒவ்வொன்றாக அனுப்புகிறார். அதனால் தட்டு வந்ததும் சர்வர் சொல்வதைக் காதில் வாங்குங்கள், புரியாவிட்டால் திரும்பக் கேளுங்கள். அவர்தனாவில் பெயர் வாங்கிய ஐட்டம் ரசம்: தெளிவாக வடித்த தக்காளி ரசத்தைக் காபி போடும் பிரெஞ்ச் பிரஸ்ஸில் கொத்தமல்லியோடு ஊறவிட்டு மார்ட்டினி கிளாஸில் ஊற்றுவார்கள். அதை எடுத்ததும் மடக்கென்று குடித்தால் நாலு வாய் ரசம். முதலில் கிளாஸை மூக்கருகில் கொண்டுபோய் வாசனை பிடித்துவிட்டு, சூடு இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துப் பாருங்கள், புளிப்பு முதலில் வந்து மிளகு பிறகு தொண்டையில் ஏறுவது தெரியும். "எங்க வீட்டு ரசம் இதைவிட நல்லா இருக்கும்" என்று நம்மில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். இருக்கலாம், ஆனால் தாளிப்பும் கலங்கலும் இல்லாமல் அந்த மணத்தைக் கொண்டுவந்தது எப்படி என்று சர்வரிடம் கேட்டால் பேச்சு நன்றாகப் போகும். கூட்டம் குறைந்த நேரமாக இருந்தால் செஃப்பே டேபிளுக்கு வந்து சொல்வதும் உண்டு.

போட்டோ எடுங்கள், ஃபிளாஷ் இல்லாமல், ஒன்றோ இரண்டோ. சூடாக வந்தது ஆறுவதற்கும் ஐஸ்க்ரீம் உருகுவதற்கும் ரீல்ஸ் எடுக்கும் நேரம் தாராளமாகப் போதும்.

பிடிக்காவிட்டால் இரண்டாவது வாயிலேயே சொல்லிவிடுங்கள். ஓரிடத்தில் ஆட்டுக்கறி ஆறிப்போய் வந்தது. மெதுவாகக் கூப்பிட்டுச் சொன்னதும் தட்டை எடுத்துப்போய்ப் புதிதாகவே செய்து கொண்டுவந்தார்கள். தட்டைக் காலி செய்துவிட்டுக் குறை சொன்னால் அவர்களால் என்ன செய்ய முடியும்? தட்டுகள் வேகமாக வருகின்றன என்றால் "கொஞ்சம் இடைவெளி விட்டுக் கொண்டுவாருங்கள்" என்று சொல்லலாம், இப்படிச் சொல்லலாம் என்பதே பலருக்குத் தெரியாது. வயிறு நிறையவில்லையா, பிடித்ததை இன்னொரு தடவை கேளுங்கள். காசு வாங்கலாம், சும்மாவும் தரலாம், பரோட்டா கடை தேடுவதைவிடக் கேட்டுப் பார்ப்பது மேல்.

பில் விஷயத்தில் மெனுவில் போட்ட விலை கடைசி விலை கிடையாது. இந்தியாவில் பெரிய நட்சத்திர ஓட்டலுக்குள் இருக்கும் உணவகம் என்றால் பொதுவாக 18% ஜிஎஸ்டி: 5,000 ரூபாய் மெனு 5,900 ஆகும். வெளியே தனியாக இருக்கும் உணவகம் என்றால் பொதுவாக 5%. அதற்கு மேல் சேவைக் கட்டணம் போட்டிருந்தால் எடுக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் சொன்ன இந்த விதியை டெல்லி உயர் நீதிமன்றம் 2025-இல் உறுதி செய்தது. நன்றாகக் கவனித்திருந்தால் அந்தப் பணத்தை டிப்ஸாகக் கையில் கொடுங்கள். சிங்கப்பூரில் விலைக்குப் பின்னால் இரண்டு பிளஸ் குறி இருந்தால் 10% சேவைக் கட்டணமும், அதையும் சேர்த்த தொகைக்கு 9% ஜிஎஸ்டியும் வரும், ஆக 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மெனு கிட்டத்தட்ட 360 வெள்ளி. நியூயார்க்கில் வரி தனி, 18 முதல் 20% டிப்ஸ் தனி. கிளம்பும்போது அன்றைய மெனு அட்டை ஒன்று கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் அச்சடித்துத் தருவார்கள், தேதி போட்டு.