ஆவியுலக ஆய்வில் நாம் சறுக்கும் இடங்கள்

முதல் சறுக்கல் அகராதியிலேயே காத்திருக்கிறது. ‘ஸ்பிரிச்சுவலிசம்’ என்ற சொல்லைக் கண்டதும் கை தானாக ‘ஆன்மிகம்’ என்று எழுதிவிடுகிறது. அப்படி எழுதப்பட்ட கட்டுரை ஒன்றைப் படித்தபோது, பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கர்கள் எல்லாரும் கண்ணை மூடித் தியானத்தில் உட்கார்ந்துவிட்டார்களோ என்று நினைத்துக்கொண்டேன். அங்கே பேசப்பட்ட விஷயம் வேறு. இறந்தவர்கள் எங்கோ இருக்கிறார்கள், தகுந்த ஆள் நடுவில் இருந்தால் அவர்களோடு பேசலாம் என்ற நம்பிக்கை அது. ஆவியுலகக் கொள்கை என்று சொன்னால் போதும். நடுவில் இருக்கும் ஆளுக்கு ‘மீடியம்’ என்ற சொல் தமிழில் எப்போதோ ஊன்றிவிட்டது. அதைச் சாமியாடி என்று மாற்றுவதும் பொருந்தாது. சாமியாடி மேல் இறங்குவது தெய்வம். அதற்குக் கோயில் உண்டு, கொடை உண்டு, ஊரே கூடி நிற்கும். அமெரிக்க வரவேற்பறையில் விளக்கைத் தணித்துவிட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்த நாலைந்து பேர் எதிர்பார்த்தது, காய்ச்சலில் போன தங்கள் பிள்ளை ஒரு வார்த்தை பேசாதா என்பதைத்தான்.

இந்த வரலாறு வழக்கமாக 1848 மார்ச் 31 அன்று தொடங்கும். நியூயார்க் மாநிலத்தின் ஹைட்ஸ்வில் என்ற சிற்றூரில், மேகி, கேட் என்ற ஃபாக்ஸ் சகோதரிகளின் வீட்டில் தட்டல் ஓசைகள் கேட்டன. கேள்வி கேட்டால் தட்டல்களில் பதில் வந்தது. இரண்டு சிறுமிகளின் விளையாட்டு உலகத்தையே ஏமாற்றிவிட்டது என்று கதையை முடித்துவிடுவார்கள். அந்தச் சிறுமிகளை ராச்செஸ்டர் நகரில் ஆதரித்தவர்கள் யார் என்று பார்ப்பவர்கள் குறைவு. ஐசக் போஸ்ட், ஏமி போஸ்ட் என்ற தம்பதி அவர்கள். குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவிலிருந்து வந்தவர்கள், அடிமை முறையை எதிர்த்தவர்கள். அதே 1848 ஜூலையில் செனகா ஃபால்ஸ் நகரில் நடந்த பெண்ணுரிமை மாநாட்டின் பிரகடனத்தில் ஏமி போஸ்டின் கையெழுத்து இருக்கிறது. பெண் மேடையேறிப் பேசுவதே தகாது என்றிருந்த காலத்தில், ‘பேசுவது நானல்ல, ஆவி’ என்று சொல்லி நூற்றுக்கணக்கானோர் முன் பேசிய பெண்கள் இந்த இயக்கத்தில் உருவானார்கள். 1872இல் அமெரிக்க அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட விக்டோரியா வுட்ஹல், ஆவியுலகக் கொள்கையினரின் சங்கத் தலைவராகவும் இருந்தவர். தட்டல் ஓசை எங்கிருந்து வந்தது என்று மட்டும் தேடிக்கொண்டிருந்தால் இதெல்லாம் கண்ணில் படாது.

‘மேகியே ஒப்புக்கொண்டுவிட்டாரே!’ என்று கேட்கலாம். ஆம். 1888 அக்டோபர் 21 அன்று நியூயார்க் நகரின் ஒரு பெரிய அரங்க மேடையில் காலணியைக் கழற்றிவிட்டு, கால் பெருவிரல் மூட்டைச் சொடுக்கி அந்த ஓசையை எழுப்பிக் காட்டினார். ஆனால் அடுத்த ஆண்டே அந்த வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். வாக்குமூலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மறுப்பை விடுவது ஒரு கட்சியின் வழக்கம், மறுப்பை மட்டும் எடுத்துக்கொள்வது இன்னொரு கட்சியின் வழக்கம். அப்போது அவர் வறுமையிலும் குடியிலும் இருந்தார். அக்காள் லியா மீது தீராத கோபம் இருந்தது. வாக்குமூலத்துக்குப் பணம் கிடைத்தது. விரல் சொடுக்கு உண்மை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதோடு இயக்கம் முடிந்தது என்று எழுதுவது தப்பு. அமெரிக்காவின் தேசிய ஆவியுலகச் சங்கம் தொடங்கியதே 1893இல், மேகி இறந்த அதே ஆண்டில்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, நிஜமா மோசடியா என்று இரண்டே பெட்டிகளை வைத்துக்கொண்டு ஆய்வுக்கு உட்காருவது. விடுதியில் படித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். எழுத்துகள் எழுதிய அட்டையில் டம்ளரைக் கவிழ்த்து, நாலு பேர் விரல் வைத்து ஆவியைக் கூப்பிட்ட இரவு எங்கள் அறையிலும் நடந்தது. டம்ளர் நகர்ந்தது. ‘நீ தள்ளுகிறாய்’ என்று ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டினோம். தள்ளவில்லை என்று சத்தியம் செய்தோம். யாருமே பொய் சொல்லவில்லை என்று பிறகு மைக்கேல் ஃபாரடேயைப் படித்தபோதுதான் தெரிந்தது.

மின்காந்தத்தை ஆராய்ந்த அதே ஃபாரடேதான். 1853இல் லண்டனில் மேசை சுற்றுவது, அதாவது நாலைந்து பேர் கை வைத்தால் மேசை தானாக நகரும் என்று உட்காருவது, ஒரு பித்தாகப் பரவியிருந்தது. ஏமாற்றுக்காரர்களை விட்டுவிட்டு, நேர்மையானவர்கள் என்று தமக்கு நம்பிக்கையுள்ளவர்களையே அவர் உட்காரவைத்தார். மேசைக்கும் கைக்கும் நடுவில் அட்டைகளை அடுக்கி, இடையிடையே மென்மையான பசையை உருட்டி வைத்தார். மேசை தானாக நகர்ந்து கைகளை இழுத்திருந்தால் அடி அட்டைதான் முன்னே போயிருக்க வேண்டும். மேல் அட்டைதான் முன்னே போயிருந்தது: கைதான் மேசையைத் தள்ளியது. பிறகு, கை பக்கவாட்டில் அழுத்தினால் உடனே சாய்ந்து காட்டும் ஒரு முள்ளைப் பொருத்தினார். முள் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தால் மேசை அசையவில்லை. முள்ளை மறைத்ததும் பழையபடி அசைந்தது. மோசடியும் இல்லை, ஆவியும் இல்லை; நமக்கே தெரியாமல் நம் தசை செய்யும் வேலை. இந்த மூன்றாவது பெட்டி இல்லாமல் அந்தக் காலத்து ஆவணங்களைப் படித்தால், பக்கத்துக்குப் பக்கம் ஒன்று அயோக்கியன் கிடைப்பான் அல்லது முட்டாள் கிடைப்பான்.

முட்டாள் என்றதும் கோனன் டாயில் நினைவுக்கு வருகிறார். ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்தவர், மகன் இறந்த துக்கத்தில் ஆவிகளை நம்பத் தொடங்கினார் என்று தமிழிலும் பலமுறை படித்துவிட்டேன். ஆண்டுகளை அடுக்கிப் பாருங்கள். மகன் கிங்ஸ்லி இறந்தது 1918 அக்டோபரில். டாயில் தம் நம்பிக்கையை வெளிப்படையாக அறிவித்தது 1916இல். லண்டனில் 1882இல் தொடங்கிய மனோதத்துவ அமானுஷ்ய ஆய்வுச் சங்கத்தில் அவர் சேர்ந்தது 1893இல். இயற்பியலாளர் ஆலிவர் லாட்ஜின் கதையும் இதேதான்: மகன் ரேமண்ட் 1915இல் போரில் இறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே லாட்ஜ் மீடியங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். துக்கம் நம்பிக்கையைக் கூர்மையாக்கியிருக்கலாம், விதைத்தது துக்கமல்ல.

அந்த ஆய்வுச் சங்கத்துக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. அடையாறு பிரம்மஞான சபையில், அதை நிறுவியவர்களில் ஒருவரான பிளவாட்ஸ்கி அம்மையார் நிகழ்த்தியதாகச் சொல்லப்பட்ட அற்புதங்களை விசாரிக்க, 1884 இறுதியில் சங்கத்தின் சார்பில் ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் கப்பலேறி இங்கே வந்தார். 1885இல் வெளியான அறிக்கை அம்மையாரை மோசடிக்காரர் என்றது. இதைச் சொல்லும்போது பிரம்மஞானத்தையும் ஆவியுலகக் கொள்கையையும் ஒன்றாக்கிவிடுகிறோம். மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களோடு பேசுவது இறந்தவரின் ஆன்மாதான் என்பதையே பிளவாட்ஸ்கி ஏற்கவில்லை. எதிர்ப்பக்கத்திலும் ஒரு தவறு நடமாடுகிறது: 1986இல் சங்கம் அந்த அறிக்கையைத் திரும்பப் பெற்றது என்கிறார்கள். வெர்னன் ஹாரிசன் என்ற உறுப்பினர் சங்கத்தின் இதழில் எழுதிய கடுமையான விமர்சனம்தான் அது.

கடைசியாக, ஹெலன் டங்கன் என்ற மீடியம். ‘இங்கிலாந்தில் சூனியக்காரி என்று தண்டிக்கப்பட்ட கடைசிப் பெண்’ என்ற தலைப்பை விட யாருக்கும் மனம் வராது. 1944இல் அவருக்கு ஒன்பது மாதச் சிறை கிடைத்தது 1735ஆம் ஆண்டுச் சூனியச் சட்டத்தின் கீழ்தான். ஆனால் அந்தச் சட்டம் சூனியம் என்ற குற்றத்தையே ஒழித்துவிட்டு, சூனிய சக்தி இருப்பதாகப் பாசாங்கு செய்வதைத்தான் குற்றமாக்கியது. ஆக, அவர் தண்டிக்கப்பட்டது சூனியக்காரி அல்ல என்பதற்காக.

அவர் ஆதரவாளர்கள் சொல்வது போர்க்கப்பல் பார்ஹாம் கதை. 1941 நவம்பரில் அது மூழ்கியது. கடற்படை அதை அறிவித்தது 1942 ஜனவரியில். அதற்குள் டங்கனின் அமர்வில் அந்தக் கப்பலின் மாலுமி தோன்றிவிட்டான், வெளியே யாருக்கும் தெரியாத ரகசியம் எப்படித் தெரிந்தது என்று கேட்கிறார்கள். இறந்தவர்கள் 800க்கும் மேல். வெளியே சொல்லாதீர்கள் என்ற வேண்டுகோளோடு அத்தனை குடும்பங்களுக்கும் கடற்படை முன்னதாகவே கடிதம் அனுப்பியிருந்தது. அமர்வு நடந்ததோ போர்ட்ஸ்மத்தில், வீட்டுக்கு வீடு கடற்படைக்காரர்கள் இருந்த ஊரில்.