பிரசங்க மேடையையும் வகுப்பறையையும் ஒருவரே பார்ப்பது எப்படி?

போதகராகவும் இருக்க வேண்டும், கல்லூரியில் சமயவியலும் கற்பிக்க வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்கள், எதை முதலில் தொடங்குவது என்றுதான் கேட்கிறார்கள். இறையியல் பட்டம் முடிந்த கையோடு சபைக்குப் போங்கள் என்பேன். ஆய்வுக்கான கேள்வி அங்கேதான் பிறக்கும். இறையியலாளர் கார்ல் பார்த் 1911 முதல் 1921 வரை சுவிட்சர்லாந்தின் சாஃபென்வில்லில் ஆலைத் தொழிலாளர்கள் நிறைந்த சபைக்குப் போதகர். ஞாயிறுதோறும் என்ன பேசுவது என்ற திணறலோடு பைபிளில் பவுல் எழுதிய ரோமர் நிருபத்தை எடுத்து உட்கார்ந்தார். அதற்கு எழுதிய விளக்கவுரைதான் அவரை ஜெர்மனியின் கோட்டிங்கனில் பேராசிரியராக்கியது. அமெரிக்க இறையியலாளர் ரைன்ஹோல்ட் நீபூர் டெட்ராய்டில் 13 ஆண்டுகள் சபை நடத்திவிட்டு, 1928இல் நியூயார்க்கின் யூனியன் இறையியல் கல்லூரிக்குப் போனார்.

இருவருமே முனைவர் பட்டம் வாங்காதவர்கள். அதைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். இன்று அந்தப் பட்டம் இல்லாவிட்டால் உங்கள் விண்ணப்பத்தைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். பைபிளின் மூலமொழிகளான கிரேக்கத்தையும் எபிரேயத்தையும் ஆய்வுக்குச் சேர்வதற்கு முன்பே கற்றுவிடுங்கள். சபைப் பொறுப்போடு புது மொழியின் வினைத்திரிபுகளை மனப்பாடம் செய்வது பெரும் பாடு.

வேலை கிடைத்த பிறகுதான் உண்மையான சிக்கல். மாற்கு நற்செய்தியின் கடைசி அதிகாரமான 16ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நான்காம் நூற்றாண்டின் பைபிள் கையெழுத்துப் பிரதிகளான சினாய், வத்திக்கான் இரண்டும் எட்டாம் வசனத்தோடு நின்றுவிடுகின்றன. இயேசுவின் கல்லறைக்கு வந்த பெண்கள் பயந்து ஓடுகிறார்கள், யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான். வகுப்பில் இதைப் பலகையில் எழுதி, இன்றைய பைபிள்களில் அதற்குப் பின் வரும் 12 வசனங்கள் எப்படி வந்து சேர்ந்திருக்கும் என்று மாணவர்களை வாதாட விடுவேன். அதே வாரம் ஈஸ்டர் பிரசங்கம் இருந்தால்? சிலர் வகுப்பில் ஒன்று, சபையில் வேறொன்று என்று இரண்டு வாய் வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. பிரதிகளின் பெயர்ப்பட்டியல் சபைக்கு வேண்டாம். ஆனால் பழைய பிரதிகள் இங்கே முடிகின்றன என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அந்தப் பெண்களின் பயத்தைப் பற்றிப் பேசலாம். சபையார் நாம் நினைப்பதைவிடத் தெளிவானவர்கள். கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, “ஐயா, ஏன் இதை எங்களிடம் சொல்லவே இல்லை?” என்று அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

வகுப்பறையில் நேர்மாறான கட்டுப்பாடு வேண்டும். அங்கே எல்லா மதத்தாரும் இருப்பார்கள், எந்த மதமும் வேண்டாம் என்பவரும் இருப்பார். கடவுள் இல்லை என்று நன்றாக வாதிட்ட கட்டுரைக்கு முழு மதிப்பெண் போட மனம் வராவிட்டால் இந்த வேலைக்கு வராதீர்கள். பக்தி சொட்டும் சோம்பேறிக் கட்டுரைகளும் வரும்; அவற்றுக்கு மதிப்பெண் குறைப்பதுதான் எனக்கு இன்னமும் கடினம். சபைப் பிள்ளை உங்கள் வகுப்பில் சேர்ந்தால், விடைத்தாளில் பெயரை மறைத்துத் திருத்துங்கள். முடிந்தால் இன்னொரு ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். வீடு சந்திப்பில் காதில் விழுந்ததை, பெயரை மாற்றியும்கூட, பாடத்தில் உதாரணமாக்காதீர்கள். கேட்டவர்களில் ஒருவருக்காவது ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

அப்புறம் நேரம். சாவு பாட அட்டவணை பார்த்து வராது. அடக்க ஆராதனை வந்தால் வகுப்பை யார் எடுப்பது என்று, பருவம் தொடங்கும்போதே துறைத்தலைவரிடம் பேசி எழுத்தில் வாங்கிவிடுங்கள். சபை மூப்பர்களிடமும் எந்தெந்த நாள் கல்லூரிக்கு என்று முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் உங்களை முழுநேர ஆள் என்றே நினைப்பார்கள். கட்டுரைகளுக்குக் கடைசி நாள் குறிக்கும்போது அந்த ஆண்டு பரிசுத்த வாரம் எப்போது என்று பாருங்கள். பெரிய வெள்ளிக்கு முந்தைய நாள் கட்டுக்கட்டாகத் தாள்களை வாங்கி வைத்தால், ஞாயிறு பிரசங்கம் தயாராகாது, தாள்களும் திருந்தாது.