வியர்வைக் குளுக்கோஸ் உணரி: காகித மின்முனையில் பிரஷ்யன் நீலம் படியவைக்கும் முறை

வியர்வையில் குளுக்கோஸின் அளவு பெரும்பாலும் 10 முதல் 200 மைக்ரோமோலார் வரையே இருக்கும். இரத்தத்தில் உள்ளதைவிட இது பல மடங்கு குறைவு என்பதால், இந்த உணரியின் தரம் நாம் தேர்ந்தெடுக்கும் வினையூக்கியைப் பொறுத்தே அமைகிறது. நிக்கல், தாமிர ஆக்சைடுகள் நொதியின்றியே குளுக்கோஸை ஆக்சிஜனேற்றம் செய்தாலும், அதற்கு வலுவான காரக் கரைசல் வேண்டும். pH 4 முதல் 7 வரை உள்ள வியர்வையில் அவை நேரடியாகப் பயன்படா. குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் நொதி குளுக்கோஸிலிருந்து உருவாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை அளப்பது இன்னொரு வழி; பிளாட்டினத்தில் அதற்கு ஏறத்தாழ 0.6 வோல்ட் தேவை. அந்த மின்னழுத்தத்தில் யூரிக் அமிலமும் அஸ்கார்பிக் அமிலமும் சேர்ந்து வினைபுரிந்து அளவீட்டைக் குழப்பும். இரும்பும் சயனைடும் சேர்ந்த நீல நிறமியான பிரஷ்யன் நீலமோ அந்தப் பெராக்சைடை 0 வோல்ட்டை ஒட்டியே எலக்ட்ரான் தந்து ஒடுக்கிவிடுகிறது. 2009இல் தாய்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் காகித நுண்பாய்மக் கருவியில் முதன்முதலாக மின்வேதி முறையில் குளுக்கோஸை அளந்தபோதும் இதையே பயன்படுத்தினர்.

வாட்மன் 1 வடிதாளில் மெழுகால் எல்லை அச்சிட்டு, சூடாக்கி, மெழுகைத் தாளின் மறுபக்கம் வரை இறங்கச் செய்யுங்கள். பின்னர் கார்பன் மையால் செயல் மின்முனையையும் (வினை நடக்கும் முனை) எதிர் மின்முனையையும் (மின்சுற்றை நிறைவுசெய்யும் முனை) அச்சிடுங்கள். மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க உதவும் ஒப்பீட்டு மின்முனைக்கான வெள்ளி மையை இப்போது அச்சிட வேண்டாம். அடுத்த படியில் வரும் ஃபெரிக் குளோரைடு வெள்ளியைத் தாக்கும். அதுவரை வெளியிலிருந்து ஓர் ஒப்பீட்டு மின்முனையை வைத்துக்கொள்ளலாம்.

ஃபெரிக் குளோரைடும் பொட்டாசியம் ஃபெரிசயனைடும் தலா 2.5 மில்லிமோலார், பொட்டாசியம் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் தலா 0.1 மோலார் உள்ள கரைசலை அவ்வப்போது புதிதாகவே தயாரியுங்கள். கலந்தவுடன் அது மஞ்சள் பழுப்பாக இருக்கும்; நேரம் செல்லச் செல்லப் பச்சை படரத் தொடங்கினால் அதைப் பயன்படுத்தக் கூடாது. மின்னழுத்தத்தை 0 முதல் 0.5 வோல்ட் வரை, நொடிக்கு 50 மில்லிவோல்ட் வேகத்தில் ஏற்றி இறக்கிச் சில சுழற்சிகள் ஓட்டினால் கருமையான மின்முனையின்மீது நீலப் படலம் படியும். படலம் தடித்தால் நல்லது என்று எண்ணிச் சுழற்சிகளைக் கூட்டுவது வீண். தடித்த படலத்தில் உணரியின் பதில் தாமதமாகும். ஃபெரிசயனைடை வலுவான அமிலத்துடன் சூடாக்கினால் ஹைட்ரஜன் சயனைடு வாயு வெளியேறும் என்பதால், வேலை முழுவதையும் காற்றோட்டப் பெட்டிக்குள் அறை வெப்பநிலையில் செய்யுங்கள். திரையச்சு மின்முனைகளுக்குப் பரவலாகச் சொல்லப்படும் 100 டிகிரி உலர்த்தலும் இங்கே பொருந்தாது. மெழுகு மீண்டும் இளகி மின்முனையை மூடிவிடக்கூடும்.

பின்னர் பொட்டாசியம் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் மட்டும் உள்ள கரைசலில், மின்னோட்ட வளைவு மாறாமல் நிலைபெறும்வரை −0.05 வோல்ட்டுக்கும் 0.35 வோல்ட்டுக்கும் இடையே சுழற்றிக் கழுவுங்கள். 0.2 வோல்ட் அருகே ஒன்றையொன்று நெருங்கிய இரு முகடுகள் அந்த வளைவில் தெரிந்தால் படலம் நன்றாக அமைந்திருக்கிறது என்று பொருள்.

உலர்ந்தபின் வெள்ளி/வெள்ளி குளோரைடு மையை அச்சிட்டு, குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் நொதியை, அதைப் பிடித்துவைக்கும் கைட்டோசான் என்ற பலபடியின் கரைசலுடன் கலந்து 3 மைக்ரோலிட்டர் அளவில் நீலப் படலத்தின்மீது இட்டு, 4 டிகிரியில் இரவு முழுவதும் உலரவிடுங்கள்.

பிரஷ்யன் நீலத்தின் பலவீனம் காரத்தன்மையே. pH 7ஐத் தாண்டினால் ஹைட்ராக்சைடு அயனிகள் இரும்பைப் பிடித்துப் படலத்தைச் சிதைக்கும். அதன் வினைக்குப் பொட்டாசியம் அயனிகளும் தேவை. வியர்வையில் சோடியமே மிகுதி. ஆகவே வியர்வை உள்ளே வரும் பாதையில் பொட்டாசியம் குளோரைடையும் pH மாறாமல் காக்கும் pH 6 பாஸ்பேட் தாங்கல் கரைசலையும் முன்கூட்டியே ஊறவைத்து உலர்த்திவிடுவது நல்லது. உப்பைத் தன்னுள் வைத்திருந்து, வியர்வை பட்டதும் கரைத்துத் தரும் இந்த வசதிக்காகவே நான் நெகிழிப் பட்டையைவிடக் காகிதத்தை விரும்புகிறேன்.

தெரிந்த குளுக்கோஸ் அளவுகளுக்கு எவ்வளவு மின்னோட்டம் வருகிறது என்று பார்க்கும் அளவுத்திருத்தத்தை முதலில் தாங்கல் கரைசலிலும், பிறகு சோடியம் குளோரைடு, யூரியா, லாக்டிக் அமிலம் கலந்த செயற்கை வியர்வையிலும் செய்யுங்கள். இரண்டிலும் கிடைக்கும் கோட்டின் சாய்வு வெகுவாக வேறுபட்டால், செயற்கை வியர்வையில் பெற்ற சாய்வையே கணக்கில் கொள்ளுங்கள்.