சுழலும் எறிகணையின் பாதுகாப்புப் பூட்டு: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

எறிகணையின் மூக்கில் இருந்து அதை வெடிக்கவைக்கும் கருவியான ஃபியூஸைப் பற்றிப் படிக்கத் தொடங்குகிறவர்கள், தலைமுறை தலைமுறையாக ஒரே பள்ளங்களில்தான் விழுகிறார்கள். அருங்காட்சியகத்தில் விளக்கம் சொல்லும் தன்னார்வலர், போர் வரலாறு எழுதுகிறவர், வெடிபொருள் விழிப்புணர்வு வகுப்பு எடுக்கிறவர் என்று யாரும் இதற்கு விலக்கல்ல. சுத்தியலால் தட்டாதீர்கள், நெருப்பில் போடாதீர்கள் என்பதை எல்லாரும் அறிவார்கள்; அவற்றை இங்கே விட்டுவிடலாம். புரிந்துவிட்டது என்று நினைக்கும் இடத்தில் பிசகுவதுதான் ஆபத்து.

முதலில் சொற்கள். உட்சுவரில் சுருள் வரிப்பள்ளம் வெட்டிய, அதாவது புரியிட்ட, குழலிலிருந்து கிளம்பும் எறிகணை தன் அச்சில் சுழன்றபடி பறக்கும். அதன் ஃபியூஸுக்குள், முதலில் வெடித்து மற்றதைத் தூண்டும் சிறு மருந்தான டெட்டனேட்டருக்கும் முதன்மை வெடிமருந்துக்கும் இடையிலான வழி, சுடும்வரை அடைபட்டிருக்கும். பெரும்பாலான ஃபியூஸ்களில் டெட்டனேட்டரே ரோட்டர் எனப்படும் திரும்பும் துண்டு ஒன்றில் பதிந்து, நேர்கோட்டிலிருந்து விலகி நிற்கும். அந்த வழி திறப்பதைத்தான் ஆயத்தமாதல் என்கிறோம். பட்டாளத்துப் பேச்சில் ‘ஆர்ம் ஆவது’. எறிகணை பீரங்கியை விட்டு ஓரளவு தூரம் போகும்வரை இதைத் தள்ளிப்போடும் இயந்திரப் பூட்டுகள்தான் நம் பொருள்.

தாமதத்தை நொடியில் கணக்கிடுவது

பல்சக்கரமும் ஆடும் நெம்பும் கொண்ட தாமதக் கருவியைப் பார்த்தவுடன் “உள்ளே ஒரு கடிகாரம் இருக்கிறது” என்று சொல்லிவிடுகிறார்கள். கடிகாரத்தில் மயிர்ச்சுருள் வில் ஒன்று உண்டு. அதனால் அதன் துடிப்பு ஏறக்குறைய மாறாது. இந்தக் கருவியில் பெரும்பாலும் அந்த வில் இல்லை. தள்ளும் விசை கூடினால் வேகமாக ஓடும், குறைந்தால் மெதுவாக ஓடும். அதைக் குறை என்று எண்ணிவிடக் கூடாது, வேண்டுமென்றே அப்படி அமைத்தது.

பல 155 மி.மீ. ஹோவிட்சர் பீரங்கிகளில் புரி, குழல் விட்டத்தைப் போல 20 மடங்கு நீளத்துக்கு ஒரு சுற்று என்ற அளவில் இருக்கும். அதாவது 3.1 மீட்டருக்கு ஒரு சுற்று. குழல்வாயில் நொடிக்கு 684 மீட்டர் வேகம் என்றால் எறிகணை நொடிக்கு 220 சுற்று சுழலும், நிமிடக் கணக்கில் 13,000-க்கு மேல். அதே பீரங்கியில் உந்துமருந்தைக் குறைத்து 200 மீட்டர் வேகத்தில் சுட்டால் நொடிக்குச் சுமார் 65 சுற்றுதான். ஆனால் இரண்டிலும் 60 மீட்டர் தூரத்தைக் கடக்கையில் எறிகணை 19 சுற்றுகளையே முடித்திருக்கும்.

ரோட்டரைத் தள்ளும் மையவிலக்கு விசை சுழற்சி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வில் இல்லாத தாமதக் கருவியின் ஓட்டமோ தள்ளும் விசையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும். இரண்டையும் சேர்த்தால் கருவியின் வேகம் சுழற்சி வேகத்துக்கு நேர்விகிதமாகிவிடும். ஆக, அது சுற்றுகளை எண்ணுகிறது. சுற்றுகளை எண்ணுவது தூரத்தை அளப்பதற்குச் சமம்.

எடுத்துக்காட்டுக்கு, உண்மையான கடிகாரம் ஒன்றை வைத்து, வேகமான சூட்டில் 60 மீட்டரில் திறக்கும்படி 0.088 நொடிக்கு அமைத்தால் என்ன ஆகும்? மெதுவான சூட்டில் அது 18 மீட்டருக்குள் திறந்துவிடும். பீரங்கிக்காரர்களின் தலைக்கு முன்னாலேயே. இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்தவர் பிறகு ‘கடிகாரம்’ என்று சொல்ல மாட்டார்.

சுழற்சி ஒன்றே சாவி என்று நினைப்பது

இரண்டு சாவிகள் வேண்டும். குழலுக்குள் முன்னோக்கித் தள்ளப்படும்போது ஏற்படும் முடுக்கம் ஒன்று, சுழற்சி மற்றொன்று. ஒன்றையொன்று சாராத குறைந்தது இரண்டு பாதுகாப்பு அம்சங்கள் வேண்டும், அவற்றைத் திறக்கும் தூண்டுதல்களும் வெவ்வேறாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்கப் படைத்துறைத் தரமான மில்-எஸ்டிடி-1316-இன் அடிப்படை.

காரணம் எளிது. லாரியிலிருந்து தரையில் விழும் எறிகணைக்கும் பெரிய அதிர்வு கிடைக்கும். ஆனால் அது கண நேரத்து அடி. குழலுக்குள் கிடைப்பது நீடித்த தள்ளல்: சுமார் 5 மீட்டர் பாதையில் 684 மீட்டர் வேகத்தை எட்ட, சராசரியாகவே புவியீர்ப்பைப் போல 4,700 மடங்கு முடுக்கம், ஏறத்தாழ 15 மில்லிநொடிக்கு. விழும் எறிகணை சுழலவும் செய்யாது. சரிவில் உருண்டால்? 155 மி.மீ. எறிகணை நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் உருண்டாலும் 10 சுற்றுதான். அச்சிலிருந்து 10 மி.மீ. தள்ளியிருக்கும் ஒரு துண்டின்மீது புவியீர்ப்பைப் போல 4 மடங்கு விசை. சுடப்பட்டு 220 சுற்றில் போகும்போது அதே துண்டின்மீது 1,900 மடங்குக்கும் மேல். இந்த இடைவெளியில்தான் பூட்டின் நம்பகம் இருக்கிறது.

பூட்டு குழலுக்குள்ளேயே முழுதும் திறக்கிறது என்பது

இல்லை. பல வடிவமைப்புகளில், முன்னோக்கிய தள்ளல் நீடிக்கும்வரை சுழற்சிப் பூட்டின் துண்டுகள் பின்புறமாக அழுத்தப்பட்டு உராய்வில் சிக்கி நிற்கும். வெளிநோக்கி நகர வேண்டிய விசை இருந்தும் நகர முடியாது. குழல்வாயைத் தாண்டித் தள்ளல் அடங்கிய பிறகுதான் அவை விலகும்.

இதைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் 106-ஆம் எண் ஃபியூஸைவிட நல்ல பாடம் இல்லை. அதற்கு முன் இருந்தவை தரைக்குள் புதைந்த பிறகே வெடித்தன. பள்ளம் விழுந்தது, முள்கம்பி வேலி அப்படியே நின்றது. தொட்ட கணத்தில் வெடிக்க வேண்டும் என்றால் ஃபியூஸ் மிக நுட்பமாக இருக்க வேண்டும். அவ்வளவு நுட்பமானதைக் குழலுக்குள் எப்படி நம்பி அனுப்புவது? பித்தளை நாடா ஒன்றை மூக்கின் தண்டில் சுற்றிவைத்தார்கள். பீரங்கிக்காரர் குழலில் இடுவதற்கு முன் மேல்மூடியைக் கழற்றுவார். எறிகணை வெளியே வந்தபின் சுழற்சியால் நாடா அவிழ்ந்து பறந்துவிடும், டெட்டனேட்டரைக் குத்தும் அடிஊசி விடுபடும். 1916-இன் பிற்பகுதியில் களத்தில் சோதித்து, 1917-இல் பெருமளவில் பயன்படுத்தினார்கள். ஒரு சிறு நாடா, பல்சக்கரம் ஏதுமில்லாமல் குழல்வாயைத் தாண்டும்வரை தாமதம் தந்தது. வியந்து நிற்க வேண்டிய வேலைப்பாடு.

ஆயத்தமாகும் தூரத்தைக் கோடாக வரைவது

அது பட்டை, கோடு அல்ல. 40 மி.மீ. எம்406 கையெறிகணை லாஞ்சரிலிருந்து நொடிக்கு 76 மீட்டர் வேகத்தில், நிமிடத்துக்குச் சுமார் 3,700 சுற்று சுழன்று கிளம்பும். அதன் ஃபியூஸ் ஆயத்தமாவது 14 முதல் 27 மீட்டருக்குள். உராய்வு, எண்ணெயின் தடிப்பு, குளிர், உற்பத்தியில் வரும் மயிரிழை வேறுபாடு எல்லாம் சேர்ந்துதான் அந்த 13 மீட்டர் அகலம்.

இன்னொன்று: இந்தத் தூரத்தைத் தாண்டி வெடித்தால் சுட்டவருக்கு ஆபத்தில்லை என்று எழுதுகிறார்கள். எம்406-இன் துண்டுகள் காயப்படுத்தக்கூடிய ஆரமாகக் கையேடுகள் சொல்வது 130 மீட்டர். 27-ஐயும் 130-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வெடிக்கவில்லை, எனவே ஆயத்தமாகவில்லை என்பது

மேலே சொன்னவற்றைத் தவறாகச் சொன்னால் விளக்கம் கெடும். இதைத் தவறாகச் சொன்னால் ஆள் போவார். ஆனாலும் படித்தவர்கள், படம் வரையத் தெரிந்தவர்கள், பூட்டின் ஒவ்வொரு துண்டின் பெயரும் அறிந்தவர்கள்கூடத் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: “பாதுகாப்புப் பூட்டு திறக்கவில்லை போலிருக்கிறது, அதனால்தான் வெடிக்காமல் கிடக்கிறது. தூக்கிப் பார்க்கலாம்.” இதைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் எரிச்சல் வருகிறது. பூட்டைப் பற்றி நன்றாகத் தெரிந்ததே அவர்களுக்கு இந்தத் துணிச்சலைத் தருகிறது.

சுடப்பட்டும் வெடிக்காமல் தரையில் கிடக்கும் எறிகணை எந்த நிலையில் இருக்கலாம்? பூட்டு அசையவே இல்லை என்பது ஒரு வாய்ப்பு. பூட்டு முழுதும் திறந்து, டெட்டனேட்டர் நேர்கோட்டுக்கு வந்து, சேற்றிலோ சாய்வாகவோ விழுந்ததால் அடிஊசிக்குப் போதிய அடி கிடைக்காமல் போயிருப்பது இன்னொரு வாய்ப்பு. அந்த நிலையில் மிச்சமிருப்பது அந்த ஓர் அடிதான். மூன்றாவது, ரோட்டர் பாதி திரும்பித் துருப்பிடித்தோ மோதலில் நெளிந்தோ நடுவழியில் சிக்கியிருப்பது. அசைத்தால் எந்தப் பக்கம் நகரும் என்று அதைச் செய்தவரே சொல்ல முடியாது.

இந்த மூன்றையும் வெளியிலிருந்து பிரித்தறிய வழி கிடையாது. மூக்கு நசுங்கியிருப்பதோ நசுங்காமல் இருப்பதோ எதையும் உறுதிசெய்யாது. எறிகணையின் உடலைச் சுற்றியுள்ள செப்புப் பட்டையில் புரியின் கீறல்கள் தெரிந்தால் அது சுடப்பட்டது என்று மட்டும் அறியலாம். அதாவது இரண்டு சாவிகளும் ஏற்கெனவே பூட்டுக்குள் போய்விட்டன என்று. ‘பூட்டு காப்பாற்றும்’ என்பதற்கு அது எதிர்ச் சான்று.

பூட்டு யாருக்காகச் செய்யப்பட்டது என்பதை மறப்பதுதான் இந்தத் தவறின் வேர். கிடங்கில் அடுக்குகிறவர், லாரியில் ஏற்றுகிறவர், குழலில் இடுகிறவர் ஆகியோருக்காக. எறிகணை குழல்வாயைத் தாண்டிச் சில பத்து மீட்டர் போனதும் அதன் கடமை முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டு கழித்து அந்த இடத்தில் உழுகிறவருக்கு அது எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

காலம் போகப் போக மருந்து செத்துவிடும் என்ற நம்பிக்கையும் இதோடு ஒட்டிக்கொள்கிறது. டெட்டனேட்டர்களில் பயன்படும் ஈய அசைடு, ஈரத்தில் செம்போடும் பித்தளையோடும் வினைபுரிந்து செம்பு அசைடாக மாறக்கூடும். அது ஈய அசைடைவிட மிக எளிதில் வெடிக்கக்கூடியது. சிறு உராய்வே போதும். பிற்கால டெட்டனேட்டர்களுக்கு அலுமினியக் கூடு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பழசு என்றால் சாந்தமானது என்று பொருள் அல்ல.

1916-இல் பிரான்சில் நடந்த சொம் போருக்கு முந்தைய ஒரு வாரத்தில் பிரிட்டிஷ் பீரங்கிகள் சுமார் 15 லட்சம் எறிகணைகளைச் சுட்டன. அவற்றில் கணிசமான பங்கு வெடிக்கவே இல்லை. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இன்றும் ஏர்முனையில் அவை கிளம்புகின்றன. அங்கே அதை ‘இரும்பு அறுவடை’ என்கிறார்கள். 2014 மார்ச்சில் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் கட்டட வேலை நடந்த இடத்தில் முதல் உலகப் போர்க்கால எறிகணை வெடித்து இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். சுடப்பட்டு ஒரு நூற்றாண்டு ஆகப்போகும் நேரத்தில்.

ஈழத்து வடக்கிலும் கிழக்கிலும் இந்தப் பேச்சுக்குத் தனிக் கனம் உண்டு. 2009-இல் போர் ஓய்ந்தது. காணி துப்புரவாக்கும்போதும் கிணறு இறைக்கும்போதும் ‘செல்’ எனப்படும் எறிகணை கிளம்புவது ஓயவில்லை. பழைய இரும்பு விலைக்கு எடுக்கிறவர்கள் பித்தளை மூக்கைத் தனியே கழற்ற முயல்வதுதான் இருப்பதிலேயே கொடியது. காசு தரும் பித்தளையும் உயிர் எடுக்கும் ஃபியூஸும் ஒரே துண்டு.

சுழற்சி நின்றால் பூட்டு திரும்ப விழும் என்பது

விழாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டர் நேர்கோட்டுக்கு வந்ததும் அதை அங்கேயே நிறுத்த முள் வைத்த வடிவமைப்புகள் உண்டு. எதிர்த் திசையில் சுற்றிப் பார்ப்பது என்ற யோசனையே வரக் கூடாது.

‘பின்’ இருக்கிறதா என்று தேடுவது

கைக்குண்டுப் பழக்கம். தேடக் கிட்டப் போவதே தவறு.

நிறத்தை வைத்து முடிவெடுப்பது

மண்ணில் கிடந்த பூச்சு எந்த நிறத்தையும் காட்டும்.

மோட்டார் பீரங்கிக்கும் இதே கணக்கு என்பது

வழுவழுப்பான குழலிலிருந்து போகும் மோட்டார் குண்டு வால்சிறகால் நிலைபெறுகிறது. அதற்குச் சுழற்சிச் சாவி இல்லை. வேறு வகைப் பூட்டுகள், வேறு வகைக் கோளாறுகள். ராக்கெட்டுகள், கைக்குண்டுகள், கொத்துக் குண்டின் சிறு குண்டுகள் ஒவ்வொன்றும் தனிச் சாதி. ஈழத்தில் கிளம்புபவற்றில் மோட்டார் குண்டுகள் ஏராளம். எனவே வகுப்பெடுப்பவர் இந்தக் கட்டுரையின் முதற்பாதியை அப்படியே அவற்றின்மீது ஒட்டிச் சொல்லக் கூடாது. ஐந்தாவது தலைப்பில் சொன்னது மட்டும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

அடையாளம் கண்ட பிறகே தகவல் சொல்ல வேண்டும் என்பது

வகை தெரிய வேண்டியதில்லை. பார்த்த இடத்திலேயே நின்று, தொடாமல், வந்த தடத்திலேயே திரும்புங்கள். தூரத்திலிருந்தே தெரியும்படி ஒரு துணியோ கிளையோ வையுங்கள்; எறிகணையின்மேல் கல் அடுக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், மண் போட்டு மூடாதீர்கள். பிள்ளைகளை விலக்குங்கள். இந்தியாவில் 112, இலங்கையில் 119. சொல்ல வேண்டியவை நான்கு: இடம், அருகிலுள்ள அடையாளம், கைமுழம் கணக்கில் தோராயமான நீளம், யாராவது அதை நகர்த்தினார்களா என்பது. கடைசியானதைப் பயந்து மறைக்கிறார்கள். மறைக்க வேண்டாம், பாதியில் சிக்கிய ரோட்டரை நோக்கி நடந்து வரப்போகிற ஆளுக்கு மிக அதிகம் தேவைப்படும் தகவல் அதுதான்.