போனைக் காயலான் கடையில் போடும் முன்

இரண்டு மூன்று வருஷம் ஓடிய போன் 30 சதவீதம் காட்டும்போதே பட்டென்று அணைகிறதா? பெரும்பாலும் தேய்ந்தது பேட்டரிதான், போன் அல்ல. 500 முதல் 800 முறை முழு சார்ஜ் ஏறி இறங்கினால் லித்தியம் பேட்டரியின் கொள்ளளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். மே மாத வெயிலில் பைக் ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு ஓட்டுபவர்களுக்கு இன்னும் சீக்கிரம்.

சென்னையில் அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால், மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு நடக்கும் தூரம்தான். அங்கே பேட்டரி வாங்கும்போது விலையைவிடத் தயாரிப்புத் தேதிதான் முக்கியம். அலமாரியில் சும்மா கிடந்தாலும் பேட்டரிக்கு வயதாகும். ஓராண்டு தாண்டியதைத் திருப்பிக் கொடுங்கள். பழையதில் கொள்ளளவு 4000 எம்ஏஹெச் என்றிருக்க, அதே பருமனுள்ள மாற்று பேட்டரியில் 6000 என்று அச்சிட்டிருந்தால் அது புளுகு.

வேலை உங்கள் கண் முன்னால் நடக்கட்டும். போகும்போது சார்ஜ் 25 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது. நிறைந்த பேட்டரி கிழிந்தால் தீயும் பெரிது. பின்மூடியைச் சூடாக்கித் திறந்ததும் முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்ற வேண்டும். பிறகு பேட்டரியை ஒட்டியிருக்கும் பசையின் ஓரத்தில், அதை இளக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சில சொட்டு விட்டு, ஓரிரு நிமிடம் ஊறவைத்து, பிளாஸ்டிக் அட்டையால் மெதுவாக நெம்ப வேண்டும். கடைக்காரர் ஸ்குரூடிரைவரை எடுத்தால் தடுத்துவிடுங்கள். உள்ளே இரு தகடுகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய தாள் கிழிந்தால் ஷார்ட்டாகி நொடியில் புகையும். அந்தப் புகை நஞ்சு.

உப்பிப்போன பேட்டரியை அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். மணல் போட்ட மண் சட்டியில் வைத்து, பால்கனி நிழலில் தனியாக விட்டுவிடுங்கள்.

கழற்றிய பேட்டரியைக் கேட்டு வாங்கி, முனைகளில் செல்லோ டேப் ஒட்டுங்கள். வீட்டுக் குப்பையோடு போனால் லாரியில் நசுங்கித் தீப்பிடிக்கும். அதிலிருக்கும் கோபால்ட் பெரும்பாலும் காங்கோவில் தோண்டியது, சிறுவர்கள் கையால் தோண்டுவதும் அதில் உண்டு. முறையான மறுசுழற்சியில் அதைத் திரும்ப எடுக்கலாம்.

போனே போய்விட்டால்? காயலான் கடையில் கிடைப்பது சில்லறை. அங்கிருந்து கைமாறும் சார்ஜர் வயரைச் செம்புக்காக எரிப்பார்கள், அதன் பிவிசி பிளாஸ்டிக் உறையிலிருந்து டையாக்சின் என்ற நச்சு கிளம்பும். தங்கத்துக்காக போனின் சர்க்யூட் போர்டை அமிலத்தில் முக்குபவர் கையில் பெரும்பாலும் கையுறைகூட இருக்காது. 2022இல் உலகில் சேர்ந்த 6.2 கோடி டன் மின்கழிவில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான்.

2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள மின்கழிவு விதிகளின்படி மறுசுழற்சிப் பொறுப்பு தயாரிப்பாளருடையது. ஆகவே முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். வேறு யாரிடமாவது கொடுத்தால், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பதிவைக் காட்டச் சொல்லி ரசீது வாங்குங்கள்.

கொடுக்குமுன் கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, அதன்பிறகு ரீசெட் செய்யுங்கள். வரிசை மாறினால் போன் பழைய கணக்கையே கேட்டுப் பூட்டிக்கொள்ளலாம். அப்போது நல்ல போனும் உதிரிபாகத்துக்குத்தான் போகும். சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டீர்களா?