கனடாவுக்கு அப்பா அம்மாவை அழைக்கும் கடிதம்: எங்கெல்லாம் சறுக்குகிறது?

பேரப்பிள்ளை பிறக்கப்போகிறது, ஊரிலிருந்து அம்மா வரவேண்டும். உடனே வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்ட மாதிரிக் கடிதத்தை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றுகிறோம். என் நண்பர் ஒருவர் அப்படி எழுதியதை அனுப்புமுன் என்னிடம் காட்டினார். அப்பா வருவதற்கான காரணம் 'என் தங்கையின் பட்டமளிப்பு விழா' என்றிருந்தது. அவருக்குத் தங்கையே கிடையாது.

விசா விண்ணப்பத்தோடு போகும் இந்த அழைப்புக் கடிதத்தை அதிகாரிகள் தனியாகப் படிப்பதில்லை. விண்ணப்பப் படிவம், பாஸ்போர்ட், வருமானச் சான்று எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்கள். படிவத்தில் மூன்று மாதம், கடிதத்தில் ஆறு மாதம் என்றிருந்தால் எதை நம்புவது?

நம் ஆட்களுக்குப் பெயர்தான் பெரிய தலைவலி. ஊரில் அப்பா 'சு. முருகேசன்'. பாஸ்போர்ட்டில் 'முருகேசன் சுப்பையா'. உங்கள் பிறப்புச் சான்றிதழில் அதே முருகேசன் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ இருப்பார். கடிதத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். மற்ற ஆவணங்களில் வேறு மாதிரி இருந்தால், இரண்டும் ஒருவரே என்று கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயருக்கு மாறிய மகள்கள் இதை மறக்கவே கூடாது.

அடுத்தது சூப்பர் விசா, அதாவது கனடாவில் இருப்பவர்களின் பெற்றோர், தாத்தா பாட்டி வந்து நீண்ட காலம் தங்குவதற்கான விசா. 2011 டிசம்பரில் வந்த இந்த ஏற்பாட்டில், 2022 ஜூலை முதல் ஒருமுறை நுழைந்தால் 5 ஆண்டுவரை தங்கலாம். சாதாரண விசிட்டர் விசாவில் வழக்கமாக 6 மாதம்தான். ஆனால் இதற்குக் கடிதம் எழுதுபவர் வருகிறவரின் பிள்ளையாகவோ பேரப்பிள்ளையாகவோ இருக்கவேண்டும், கனடியக் குடியுரிமையோ பி.ஆரோ (நிரந்தர வசிப்புரிமை) வேண்டும். வொர்க் பெர்மிட்டில் இருப்பவர் எழுதிப் பயனில்லை. மாமியாருக்கு மருமகன் எழுதுவதும் இப்படித்தான். சம்பளம் அவருடையதாக இருக்கலாம், எழுத வேண்டியவர் மகள். மருமகன் கூடவே கையெழுத்துப் போட்டால் அவர் வருமானமும் கணக்கில் சேரும்.

தலைக்கணக்கிலும் கோட்டை விடுகிறார்கள். நீங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், வரப்போகும் அப்பா அம்மா இருவர். ஆக 6 பேர், 4 இல்லை. தேவைப்படும் குறைந்தபட்ச வருமானம் இந்த எண்ணிக்கையை வைத்துத்தான். வருகிறவர்களின் செலவை ஏற்கிறேன் என்ற உறுதிமொழியும் கடிதத்தில் இருக்கவேண்டும். குறைந்தது 1 லட்சம் கனடிய டாலருக்கு, ஓராண்டுக்கான மருத்துவக் காப்பீடு வேண்டும். விலை விசாரித்து வாங்கிய கொட்டேஷனை மட்டும் வைத்தால் ஏற்கமாட்டார்கள்.

இன்னொன்று, பாசம் பொங்க எழுதுவது. 'அம்மா எவ்வளவு நாள் வேண்டுமானாலும் எங்களோடு இருக்கட்டும்' என்ற வரி நமக்கு இனிக்கும். விசா அதிகாரிக்கோ, அம்மா குறித்த காலத்தில் திரும்பிப் போவாரா என்பதுதான் கேள்வி. வரும் தேதி, போகும் தேதி, தங்கும் முகவரி, யார் செலவு என்று சொல்லுங்கள். ஊரில் அவருக்குள்ள வீடு, பென்ஷன், மற்ற பிள்ளைகள் பற்றி இரண்டு வரி போதும், அதற்கான காகிதத்தையும் இணையுங்கள்.

நோட்டரி கையெழுத்துக்குப் பணம் கட்டி அலைகிறவர்களும் உண்டு. விசா அலுவலகம் கேட்டால் ஒழியத் தேவையில்லை. அதே சமயம், வருமானத்தைக் கூட்டிச் சொல்வது போன்ற பொய் பிடிபட்டால், அம்மாவுக்கு 5 ஆண்டு கனடாவுக்குள் வரத் தடை விழக்கூடும்.

சரி, விசா வந்துவிட்டது. அப்புறமும் கடிதத்துக்கு வேலை இருக்கிறது. விமான நிலையத்தில் இறங்கியதும் எங்கே தங்குகிறீர்கள், எத்தனை நாள் என்று கேட்பார்கள். அதனால் ஒரு நகலை அம்மாவின் கைப்பையிலேயே வையுங்கள். ஊறுகாயோடு பெரிய பெட்டிக்குள் போட்டுவிட்டால், இமிக்ரேஷனைத் தாண்டிய பிறகுதான் அது கைக்கு வரும்.